சொல் வந்த வழி: ஐரோப்பியக் கலைப்பாடலில் யூத, கிறித்தவத் தடங்கள்

வியன்னாவின் பழைய நகரப் பகுதியில் ஸைட்டன்ஷ்டெட்டன் தெரு வழியாக நடந்துபோகிறவர்களுக்கு அங்கே ஒரு யூத ஜெப ஆலயம் இருப்பது தெரியாது. வரிசையாக மாடி வீடுகள்தாம் கண்ணில் படும். கத்தோலிக்கர் அல்லாதவர்களின் வழிபாட்டு இடம் தெருவிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்பது அன்றைய ஆஸ்திரியச் சட்டம். கட்டடக் கலைஞர் யோசெஃப் கோர்ன்ஹாய்ஸல் அதை வீடுகளின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக் கட்டினார். 1826இல் அது திறக்கப்பட்டது. 1938 நவம்பரில் நகரத்தின் மற்ற ஜெப ஆலயங்களை நாஜிகள் கொளுத்தியபோது, ஒட்டியிருந்த வீடுகளும் பற்றிக்கொள்ளுமே என்று இதை எரிக்காமல் விட்டார்கள். இழிவுபடுத்தப் போட்ட சட்டம், ஆலயம் எழுந்து நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதைக் காப்பாற்றிற்று.

அந்த ஆலயத்தின் தலைமைப் பாடகர் சாலமோன் சுல்சர். எபிரேயத்தில் இப்பதவிக்கு ஹஸான் என்று பெயர். 1828 ஜூலையில் அவருக்காக ஒருவர் 92ஆம் சங்கீதத்துக்கு எபிரேய மொழியிலேயே இசையமைத்துக் கொடுத்தார். ஒரு பாரிட்டோன் குரல், சுற்றிலும் குழுக் குரல்கள். வாத்தியம் கிடையாது. ஓய்வுநாளுக்குரிய சங்கீதம் அது. ஓய்வுநாளில் அங்கே வாத்தியம் ஒலிக்காது. எழுதிக் கொடுத்தவர் ஃபிரான்ஸ் ஷூபர்ட், கத்தோலிக்கர். அதற்குப் பிறகு நான்கு மாதம்தான் அவர் உயிரோடிருந்தார்.

இந்தச் சங்கீதத்தைக் கேட்டால் ‘யூத இசை’ என்று நாம் எதிர்பார்க்கிற எதுவும் காதில் விழாது. சொல் எபிரேயம், மெட்டு முழுக்க முழுக்க வியன்னா. சுல்சர் 1840 வாக்கில் வெளியிட்ட ‘ஷிர் சீயோன்’ தொகுப்பில் இதையும் சேர்த்தார். அதே தொகுப்பில் சுல்சர் தாமே எழுதியவற்றைக் கேட்டால் அங்கேயும் பல இடங்களில் ஷூபர்ட்டின் சாயல். ஷூபர்ட் பாடல்களைச் சிறப்பாகப் பாடுபவர் என்று சுல்சருக்கு ஊரில் பெயர் உண்டு. ஃபிரான்ஸ் லிஸ்ட் அந்த ஆலயத்துக்கு வந்து அவர் பாடக் கேட்டு, நெகிழ்ந்துபோய் எழுதியிருக்கிறார். இதில் யார் யார்மீது செல்வாக்குச் செலுத்தினார் என்று ஒரு கோடு கிழித்துக் காட்ட என்னால் முடியவில்லை.

கலைப்பாடல் என்று இங்கே நான் சொல்வது ஜெர்மானியர் ‘லீட்’ என்று அழைக்கும் வடிவத்தை. ஒரு கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ. கோயிலும் வேண்டாம், நாடக மேடையும் வேண்டாம்; வீட்டுக் கூடம் போதும். இந்தச் சின்ன வடிவத்தில் யூத, கிறித்தவத் தடங்களைத் தேடுகிறவர்கள் வழக்கமாக மெட்டில் தேடுகிறார்கள். மெட்டில் தேடினால் ஏமாறுவோம் என்பதே என் கட்சி. சொல் எந்த மொழியிலிருந்து யார் கை வழியாக வந்தது என்று பார்த்தால்தான் தடம் பிடிபடும்.

பெயரும் ஏமாற்றும். ஷூபர்ட்டின் ‘ஆவே மரியா’ நம் ஊர்க் கோயில்களிலும் திருமணங்களிலும் ஒலிக்கிறது. ஆனால் 1825இல் அவர் இசையமைத்தது லத்தீன் செபம் அன்று. வால்டர் ஸ்காட் 1810இல் எழுதிய ‘ஏரியின் சீமாட்டி’ என்ற கதைக்கவிதையில், நாடுகடத்தப்பட்ட தகப்பனோடு மலைக்குகையில் ஒளிந்திருக்கும் எல்லன் என்ற பெண் மாதாவை அழைக்கிறாள். அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்குத்தான் ஷூபர்ட் இசையமைத்தார். பாடலின் உண்மைப் பெயரே ‘எல்லனின் மூன்றாம் பாட்டு’. லத்தீன் செபத்தைப் பிற்காலத்தார் அந்த மெட்டில் ஏற்றினார்கள். கதைப்பெண் ஒருத்தியின் பாட்டு கோயிலுக்குள் போயிற்று. அதே ஷூபர்ட், கோயிலுக்கென்றே எழுதிய ஆறு லத்தீன் பூசைப் பாடல்களிலும் விசுவாச அறிக்கையில் ‘ஒரே, பரிசுத்த, கத்தோலிக்கத் திருச்சபையை’ ஏற்கும் வரியை மட்டும் விட்டுவிட்டார். ஆறிலும் விட்டதைக் கைத்தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1820இல் அவர் 23ஆம் சங்கீதத்துக்குப் பெண் குரல்களும் பியானோவும் கொண்டு இசையமைத்தார். சொல் ஜெர்மன். ஆனால் லூதருடைய ஜெர்மன் அன்று. யூத மெய்யியலாளர் மோசஸ் மெண்டல்சன் 1783இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு. பெர்லின் யூதர் ஒருவர் எபிரேயத்திலிருந்து கொண்டுவந்த சொல்லை வியன்னாக் கத்தோலிக்கர் எடுத்துக்கொண்டார். அந்த மோசஸின் பேரன்தான் ஃபீலிக்ஸ் மெண்டல்சன்: ஏழு வயதில் ஞானஸ்நானம் பெற்றவர், இருபது வயதில், 1829 மார்ச்சில், மக்கள் மறந்துவிட்டிருந்த பாஹின் மத்தேயு பாடுகளைப் பெர்லினில் மீண்டும் ஒலிக்கச் செய்தவர்.

லீட் என்ற வடிவத்தின் வேரிலேயே இந்தக் கலப்பு இருக்கிறது என்பதற்கு ஒருவரைச் சொல்லலாம்: யோஹான் காட்ஃப்ரீட் ஹெர்டர், லூதரன் போதகர். 1778–79இல் அவர் வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்புதான், எளிய மக்கள் பாட்டே கவிதையின் ஊற்று என்ற எண்ணத்தை ஜெர்மன் கவிஞர்களுக்கு ஊட்டியது. அந்த எண்ணம் இல்லாவிட்டால் ஷூபர்ட்டுக்குப் பாட வரிகளே கிடைத்திரா. அதே 1778இல் உன்னதப்பாட்டையும் அவர் ஜெர்மனில் தந்தார். அடுத்து 1782–83இல் எபிரேயக் கவிதையின் ஆன்மாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவருக்கு அவை இரண்டு வேலைகள் அல்ல. எபிரேயச் சங்கீதமும் அவர் கணக்கில் ஒரு மக்கள் பாட்டே.

எபிரேயக் கவிதை எப்படி இயங்குகிறது என்பதை 1753இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் லவுத் அச்சிட்ட சொற்பொழிவுகள் ஐரோப்பாவுக்குத் தெளிவுபடுத்தின. ஒரு கருத்தைச் சொல்லி, அடுத்த அரையடியில் அதையே வேறு சொல்லில் திருப்பிச் சொல்வது, அல்லது அதற்கு நேர் எதிரானதைச் சொல்வது. இணை என்பது இங்கே ஓசையில் இல்லை, பொருளில். நம் யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மோனையும் எதுகையும் இயைபும் ஓசையால் தொடுப்பவை. முரண் ஒன்றுதான் பொருளாலும் தொடுக்கும் தொடை. திருக்குறளை வேற்று மொழியில் பெயர்த்தால் எதுகை முதலில் உதிர்ந்துவிடும், முரண் உதிராது. எபிரேயக் கவிதை பெரும்பாலும் அந்த உதிராத தொடையால் ஆனது. அதனால்தான் கிரேக்கம், லத்தீன், ஜெர்மன், செக் என்று எங்கே போனாலும் அதன் எலும்புக்கூடு குலையாமல் போய்ச் சேர்ந்தது. கலைப்பாடலுக்கு யூத மரபு தந்தவற்றில் பெரியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மெட்டைத் துரத்தியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு லண்டனில் ஒரு வேடிக்கை நடந்தது. கான்டர்பரியில் ஹஸான் ஒருவரின் மகனாகப் பிறந்த ஐசக் நேதன், பண்டை எபிரேய மெட்டுகள் தம்மிடம் இருப்பதாகச் சொல்லி, அவற்றுக்கு வரி எழுதித் தரும்படி பைரன் பிரபுவைக் கேட்டார். 1815 ஏப்ரலில் ‘எபிரேய மெட்டுகள்’ வெளிவந்தது. எருசலேம் தேவாலயத்து இசை என்பதுபோல விற்றார்கள். மேடையில் புகழ்பெற்றிருந்த யூதப் பாடகர் ஜான் பிரஹாமின் பெயரையும் அட்டையில் போட்டார்கள். தொகுப்பின் முதல் கவிதையோ ஓர் அழகியைப் பற்றியது. எபிரேயத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. யோர்தான் கரையைப் பற்றிய பாட்டுக்கு நேதன் எடுத்த மெட்டு, ஹனுக்கா விழாவில் யூதர்கள் பாடும் ‘மாவோஸ் ட்ஸூர்’. பிற்கால ஆய்வாளர்கள் அம்மெட்டின் பூர்வீகத்தைத் தேடிப் போனார்கள். அது ஜெர்மன் நாட்டுப்பாடலிலும், லூதரன் கோயில்களில் பாடும் ஒரு கீர்த்தனையிலும் போய் முடிந்தது! நேதன் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் காதுக்கு அது ஆலயத்தில் கேட்டு வளர்ந்த மெட்டு. நேதனின் இசை மங்கியது. பைரனின் வரிகள் நின்றன. லோவ, ஷூமான் முதலியோர் அவற்றின் ஜெர்மன் மொழிபெயர்ப்புகளுக்குப் பின்னர் இசையமைத்தார்கள். நேதன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து 1864இல் சிட்னியில் குதிரை இழுக்கும் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார்.

ஷூமானிடம் வந்தால் ஹைன்ரிஹ் ஹைனேயைத் தாண்டிப் போக முடியாது. ட்யூசல்டார்ஃப் யூதக் குடும்பத்தில் பிறந்து 1825இல் புராட்டஸ்டன்ட் ஞானஸ்நானம் பெற்றவர்; அந்தச் சான்றிதழை ஐரோப்பியப் பண்பாட்டுக்குள் நுழையும் டிக்கெட் என்று கசப்போடு சொன்னவர். ஷூமான் 1840இல் எழுதிய ‘கவிஞன் காதல்’ தொகுதியின் பதினாறு பாட்டும் ஹைனேயின் கவிதைகளே. ஆறாவது பாட்டில் ரைன் நதியில் கொலோன் பேராலயத்தின் நிழல் விழுகிறது. உள்ளே மாதா படம். அந்த முகம் தன் காதலியின் முகம்போலவே இருக்கிறது என்று கவிதை முடிகிறது. பக்தியின் சட்டையைப் போட்டுக்கொண்ட குறும்பு. ஷூமான் குறும்பைப் பார்த்துச் சிரிக்கவில்லை; பேராலயத்தைக் கட்டினார். பியானோவின் இடக்கை ஆர்கனின் மிதிகட்டைபோல ஆழத்தில் நடக்கிறது, வலக்கை பாஹ் காலத்துக் கம்பீர நடையில் வெட்டி வெட்டிப் போகிறது. மதம் மாறிய யூதரின் கிண்டலுக்கு லூதரன் இசைமரபின் கல்தூண்கள். இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்பதில்தான் அந்தப் பாட்டின் ருசி.

இனி 1896.

அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ஷூமானின் மனைவி கிளாராவுக்குப் பக்கவாதம் வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரை நேசித்த யோஹானஸ் பிராம்ஸ் வியன்னாவில் இருந்தார். மே 7 அவருக்கு அறுபத்துமூன்றாவது பிறந்தநாள். அன்றைக்கு ‘நான்கு தீவிரப் பாடல்கள்’ முடிந்துவிட்டன. கிளாரா மே 20 அன்று இறந்தார்.

பிராம்ஸ் கோயிலுக்குப் போகிறவர் அல்லர். ஆனால் லூதரின் வேதாகமம் அவருக்கு அத்துபடி. பிடித்த வசனங்களைக் கையேடு ஒன்றில் எழுதிவைத்துக்கொள்வார். அவர் பொறுக்கிய வசனங்களைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். 1868 பெரிய வெள்ளியன்று பிரேமன் பேராலயத்தில் அவருடைய ‘ஜெர்மன் ரெக்வியம்’ ஒலித்தபோது அதில் கிறிஸ்துவின் பெயரே இல்லை. பேராலயத்தார் சங்கடப்பட்டு, நடுவில் ஹேண்டலின் ‘மெசாயா’விலிருந்து மீட்பரைப் பற்றிய ஒரு பாட்டைச் சேர்த்துப் பாடினார்கள். நான்கு பாடல்களிலும் அப்படித்தான். முதல் இரண்டு பிரசங்கி நூலிலிருந்து: மனிதனும் மிருகமும் ஒரே கதியாய் மண்ணுக்குப் போவதையும், ஒடுக்கப்படுகிறவர்களைக் கண்டவனுக்கு இறந்தவர்களே பாக்கியவான்களாகத் தோன்றுவதையும் சொல்பவை. நான்காவது, பவுல் கொரிந்தியருக்கு அன்பைப் பற்றி எழுதியது. அந்த அதிகாரத்தில் திருமணப் பத்திரிகைகளில் எல்லாரும் போடுகிற நடுப்பகுதியைப் பிராம்ஸ் தாண்டிப் போய்விட்டார்.

மூன்றாவது பாடலில் சற்று நிற்கவேண்டும். சீராக் ஆகமம், 41ஆம் அதிகாரம், முதல் இரண்டு வசனங்கள். சொத்து சுகத்தோடு கவலையில்லாமல் இருப்பவனுக்குச் சாவே, நீ எவ்வளவு கசப்பு என்பது முதல் வசனம். வறியவனுக்கும் தளர்ந்த கிழவனுக்கும் சாவே, நீ எவ்வளவு இதம் என்பது இரண்டாவது. அப்பட்டமான முரண்தொடை. எதுகையில்லை, சந்தமில்லை, கண்ணி கண்ணியாய்ப் பிரிக்க வழியில்லை; ஜெர்மனில் இது உரைநடை. வழக்கமான லீட் எழுதுகிறவனுக்குப் பிடிமானமே கிடையாது. பிராம்ஸ் அந்த முரணையே பிடித்துக்கொண்டார். தொடக்கத்தில் இ-மைனர். ஆதார சுரத்தை ஸ என்று வைத்துக்கொண்டால் குரல் ப, க, ஸ, கீழே த என்று ஒன்றுவிட்டு ஒன்றாய்ப் படியிறங்குகிறது. சாவை அழைக்கும்போதே கால் கீழே போகிறது. இரண்டாம் வசனம் வந்ததும் இ-மேஜர். இறங்கிய இடைவெளிகள் அப்படியே தலைகீழாகி மேலேறும் தாவலாகின்றன. மெட்டு மாறவில்லை, திசை மாறியது. எபிரேயப் புலவன் சொல்லால் செய்ததைப் பிராம்ஸ் சுரத்தால் செய்தார்.

பிராம்ஸ் இதை எபிரேயத்தில் படிக்கவில்லை. படித்திருக்கவும் முடியாது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமில் பென் சீரா என்பவர் எபிரேயத்தில் எழுதிய நூல் இது. பேரன் எகிப்துக்குப் போய்க் கிரேக்கத்தில் பெயர்த்தார். யூதர்கள் இதைத் தங்கள் திருமுறையில் சேர்க்கவில்லை. கிறித்தவர்கள் கிரேக்கத்திலும் லத்தீனிலும் காப்பாற்றினார்கள். லூதர் இதைத் தள்ளுபடியாகமங்களில் வைத்தார். படிக்க நல்லது, ஆனால் வேதத்துக்குச் சமம் இல்லை என்றார். மொழிபெயர்க்காமல் விடவில்லை. எபிரேய மூலமோ பல நூற்றாண்டுகளாகக் காணாமற் போயிருந்தது.

அதே மே மாதம், பிராம்ஸின் பிறந்தநாள் கழிந்து ஆறாம் நாள், 13ஆம் தேதி, கேம்பிரிட்ஜில் ஏக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து இரட்டைச் சகோதரிகள் கிழக்கே பயணம் போய் வாங்கிவந்த பழைய தாள்களை யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் பார்த்தார். கந்தலாகிப்போன ஓர் ஏடு அவர் கையில் நின்றது. சீராக்கின் எபிரேய மூலம். அதிகாரம் 39இன் நடுவிலிருந்து 40இன் தொடக்கம் வரை. பிராம்ஸ் அப்போதுதான் இசையமைத்து முடித்திருந்த வசனங்கள் அந்த ஏட்டுக்கு அடுத்த ஏடுகளில் இருந்திருக்கவேண்டும். இருந்தன. அதே சுவடியின் தொடர்ச்சி ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்த கட்டில் கிடைத்தது, 1897இல் அச்சாயிற்று. அந்த ஆண்டு ஏப்ரல் 3 அன்று பிராம்ஸ் வியன்னாவில் இறந்தார்.

ஏடுகளின் ஊற்றைத் தேடி ஷெக்டர் 1896 டிசம்பரில் கெய்ரோவுக்குப் போனார். பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் ஓர் அறை. கடவுளின் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக்கூடாது என்று நூற்றாண்டுக் கணக்கில் அதில் போட்டுவைத்திருந்தார்கள். ஏறக்குறைய ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் துண்டுகளை அவர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். 1964இல் மசாடா கோட்டையில் அகழ்ந்தபோது அதே 41ஆம் அதிகாரம் இன்னும் பழைய தோற்சுருளில் வெளிப்பட்டது.

பிராம்ஸுக்கு இரண்டு ஆண்டு முன்பு, 1894 மார்ச்சில், நியூயார்க்கில் அன்டோனின் த்வோர்ஷாக் பத்து ‘வேதாகமப் பாடல்கள்’ எழுதினார். தகப்பனார் போஹீமியாவில் சாகக்கிடந்த நேரம். த்வோர்ஷாக் உறுதியான கத்தோலிக்கர். சங்கீதங்களுக்கு அவர் எடுத்ததோ செக் புராட்டஸ்டன்டுகளின் கிராலிட்ஸே வேதாகமம். தாய்மொழியில் அழவேண்டியிருந்தது, எந்தச் சபையின் பெயர்ப்பு என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை போலும். 

மெட்டின் பக்கம் நியாயமே இல்லையா என்றால், உண்டு. மோரிஸ் ராவெல் 1914இல் எழுதிய ‘கடிஷ்’ அதற்குச் சாட்சி. பீட்டர்ஸ்பர்க் பாடகி அல்வினா அல்வி கேட்டு எழுதியது. ராவெல் யூதர் அல்லர். அம்மா பாஸ்க் நாட்டவர். சொல் அரமேய மொழியில் உள்ள யூத வழிபாட்டு மன்றாட்டு. இறந்தவருக்காகச் சொல்வது, ஆனால் அதில் சாவு என்ற சொல் வராது, இறைப்புகழ்ச்சி மட்டுமே. ராவெல் அதன் ஆலய மெட்டை எடுத்துக்கொண்டு பியானோவை ஏறக்குறைய ஊமையாக்கினார். தம்பூரா போல அது ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, குரல் அதன்மேல் வளைந்து வளைந்து போகிறது. யூத ஆலயப் பாட்டில் ‘அஹவா ரப்பா’ என்று ஒரு சுர வரிசை உண்டு. நம் வகுளாபரண மேளத்தின் சுரங்கள்தாம். ஐரோப்பியக் காது அதைக் கேட்டதும் ‘கிழக்கு’ என்று முத்திரை குத்திவிடும். நமக்கு அந்த அவசரம் தேவையில்லை.

இந்த முத்திரை குத்தும் பழக்கத்துக்குக் கறைபடிந்த வரலாறு உண்டு. 1850இல் ரிச்சர்ட் வாக்னர் புனைபெயரில் ஒளிந்துகொண்டு, இசையில் யூதர்கள் பாவனை செய்யத்தான் முடியும், படைக்க முடியாது என்று எழுதினார். அச்சிட்டது ஷூமான் தொடங்கிய இதழ். 1869இல் சொந்தப் பெயரிலேயே மறுபடி அச்சிட்டார். 1936 நவம்பரில் லைப்ஸிக்கில் ஃபீலிக்ஸ் மெண்டல்சனின் சிலையை நாஜிகள் அகற்றினார்கள். ஹோல்டர்லினின் கவிதைகளுக்கு நாஜிகளின் டெரேசின் முகாமில் லீட் எழுதிக்கொண்டிருந்த விக்டர் உல்மன் கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்றவர். பெற்றோரும் அவர் பிறக்குமுன்பே மதம் மாறியிருந்தார்கள். 1944 அக்டோபரில் யூதர் என்றே அவரை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். ஆகவே ஒரு பாட்டில் ‘எவ்வளவு யூதம், எவ்வளவு கிறித்தவம்’ என்று தராசு தூக்குவதில் எனக்கு விருப்பமில்லை. சொல் நடந்து வந்த பாதையைப் பார்ப்பது வேறு வேலை.

பிராம்ஸின் மூன்றாவது பாடலைக் கேட்க நான்கு நிமிடம் போதும். ஹான்ஸ் ஹாட்டர் பாடியது இருக்கிறது. கேத்லீன் ஃபெரியர் ஆங்கிலத்தில் பாடியதும் இருக்கிறது. கேட்கும்போது சீராக்கின் ஞானம் 41ஆம் அதிகாரத்தைத் தமிழில் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்க விவிலியமாக எடுங்கள். மற்ற சபைகள் வழக்கமாகப் படிக்கும் தமிழ் வேதாகமத்தில் அந்த நூல் இராது.